பிரதம மந்திரிக்கும் சேர்த்து ஒரு ஜெபம்

பிரிட்ஜ்வாட்டர்
மே 2001

ஜெபா,

உன் அப்பா எழுதியிருந்தால் "கர்த்தருக்குள் பிரியமான மகனே" என்று தொடங்கியிருப்பார். முதல் பக்கம் முழுக்க ஸ்தோத்திரத்திலேயே போயிருக்கும். நான் நர்ஸ். சாப்பிட்டாயா, தூங்கினாயா, எங்கே வலிக்கிறது, இவ்வளவுதான் எனக்குக் கேட்கத் தெரியும். நீ தமிழ் வாசிக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நாலு வயதில் இங்கே வந்த பிள்ளை நீ. டபுள் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து உனக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை. ஆனால் மீரா வாசிப்பாள். சனிக்கிழமை தவறாமல் அவளைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பிய அவள் அம்மா அப்பாவுக்குப் புண்ணியமாகப் போகட்டும். இதையே நான் இங்கிலீஷில் எழுதினால் டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி இருக்கும். ஆகவே மீரா, நீ அவனுக்கு வாசித்துக் காட்டு. அவன் முகத்தைப் பார்க்காமல் வாசி. பார்த்தால் பாதியில் நிறுத்திவிடுவாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் பண்ணினாய். பாஸ்டரும் வேண்டாம், சாஸ்திரிகளும் வேண்டாம், ஒரு ஜட்ஜை வைத்துக் கல்யாணத்தை முடித்துக்கொள்வோம் என்று நீயும் மீராவும் முடிவு பண்ணி மாதக்கணக்காகிறது. அவள் வீட்டிலும் மனத்தாங்கலோடு ஒத்துக்கொண்டார்கள், நானும் ஒத்துக்கொண்டேன். இப்போது திடீரென்று, "மம்மி, உங்களுக்கு வேணும்னா ஒரு பாஸ்டரை வெச்சுக்கலாம். டாடிக்காக" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன். நான் பேசாமல் இருந்ததை நீ எப்படி எடுத்துக்கொண்டாயோ தெரியவில்லை. அழுகை வந்தது, அதனால்தான் பேசவில்லை. நீ சொன்னதற்கு இந்தக் கடிதம்தான் பதில்.

உண்மையைச் சொல்கிறேன், சரி என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்பா போன பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போகின்றன என்று உனக்குத் தெரியாது. அமெரிக்கக்காரர்கள் காலை ஆராதனை முடித்துப் போனதும் அதே சர்ச்சை வாடகைக்கு எடுத்து நம் தமிழ்ச் சபை கூடுவது அப்படியேதான் இருக்கிறது. பிரியாணி வாசம் மறுநாள் வரை போவதில்லை என்று அவர்கள் சொல்லும் புகாரும் அப்படியேதான். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பாஸ்டரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிடுவோம். (மீரா, உன் அம்மா முதல் தடவை அதைக் கேட்டுத் திகைத்துப்போனது ஞாபகம் இருக்கிறதா?) முதல் பெஞ்சின் ஓரம் ஐயரம்மாவின் இடம், உன் அப்பா ஐயராக இருந்தவரை என் இடம். இப்போது அங்கே புது ஐயரம்மா உட்காருகிறாள். நல்ல பெண், எழுந்து இடம் கொடுக்கத்தான் பார்த்தாள். நான்தான் பின்னால் போய் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆராதனை முடிந்ததும் யாராவது வந்து, ஆன்ட்டி ரைடு வேணுமா என்று கேட்பார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துப் பனியில் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கார் ஓட்டி வந்தவளைப் பார்த்து! புருஷன் போனால் டிரைவிங்கும் மறந்துபோகும் என்று நினைக்கிறார்கள் போல. வீட்டுக்கு வந்து தட்டில் போட்டால் சோறு சூடாக இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் உன் அப்பா பண்ணுகிற ஜெபத்தில் எல்லாம் ஆறி அவலாகிவிடும், அதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது தினமும் சூடாகத்தான் சாப்பிடுகிறேன், இறங்க மாட்டேன் என்கிறது.

ஆகவே உன் கல்யாணத்தில் ஒருவர் அங்கியோடு நின்று "ஜெபிப்போமாக" என்று சொல்லிக் கேட்க எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் "டாடிக்காக" என்று சொன்ன உன் குரல் எனக்குத் தெரிந்த குரல். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைக்கிற நோயாளிகள் அந்தக் குரலில்தான் பேசுவார்கள். அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பும்போது காரில் நீ சொன்னாயே, "அன்னைக்கு நான் கேலரிக்கு வந்திருக்கணும் மம்மி" என்று, அந்த வலிதான் இது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்போது எடுக்கிறேன். மீராவுக்கு முழுக்கதையும் தெரியாது, உனக்கும் பாதிதான் தெரியும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

அது ஒரு அறுப்பின் பண்டிகையில் ஆரம்பித்தது. காணிக்கையாக வந்த காய்கறி, கோழி, பலகாரம் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது நம் வழக்கம். நியூ ஜெர்சியில் கோழிக்கு எங்கே போவது, இங்கே பூசணிக்காயும் கேக்கும்தான். அந்த வருஷம் நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வந்திருந்தார். தேர்தல் நேரம், வராமல் இருப்பாரா? ஏலத்தில் விடாப்பிடியாகக் கேட்டு ஒரு பூசணிக்காயை எடுத்து, அதை மடியில் வைத்துக்கொண்டே அப்பாவின் முடிவு ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அப்பா வழக்கமாக, "இந்த நாட்டின் ஜனாதிபதிக்காகவும், எங்கள் தாய்நாட்டின் ஜனாதிபதி, பிரதம மந்திரிக்காகவும்" என்று வேண்டிக்கொள்வாரே, அதை யாரோ அவர் காதில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். மனுஷன் உருகிப்போனார். வாஷிங்டனில் நாடாளுமன்றச் சபை கூடும் நாளெல்லாம் ஒரு ஜெபத்தோடுதான் தொடங்கும், அதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு போதகர் இருக்கிறார், சில நாள் வெளியிலிருந்தும் ஒருவரை விருந்தினராகக் கூப்பிடுவார்கள், உங்கள் பெயரைச் சொல்லட்டுமா என்று கேட்டார். உன் அப்பா அந்தப் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே சரி என்றார்.

அவர் ஏன் சரி என்றார் என்பதைத்தான் நீ தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். பெருமைக்காக என்று நினைத்தாய். நீ அப்போது வாஷிங்டனில் வேறு மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாஷிங்டன் ஒன்றும் சீமையில் இல்லை, காலையில் புறப்பட்டால் மத்தியானம் சாப்பிடப் போய்விடலாம். ஆனால் நீ வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கூப்பிடாத இடத்துக்குப் போகும் பழக்கம் அவருக்கும் இல்லை. அன்றைக்குப் பண்டிகை முடிந்து திரும்பி வரும்போது, "ஜெபா வேலை பாக்குற எடத்தப் பாத்துட்டு வந்துரலாம், என்ன?" என்றார். காரில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

அப்புறம் தேங்க்ஸ்கிவிங். பாதி வெட்டிய வான்கோழியை நடுவில் வைத்துக்கொண்டு நீங்கள் போட்ட சண்டையை நான் மறக்கவில்லை. நீ உன் பக்கத்தை நன்றாகத்தான் சொன்னாய். ஹைஸ்கூலில் ஃபுட்பால் விருந்து ஒன்றில் ஒரு பாஸ்டர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஜெபித்தபோது, மீராவின் அண்ணன் கார்த்திக் உன் பக்கத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றானாம். அவன் முகத்தை அன்றைக்குப் பார்த்ததிலிருந்தே உனக்கு இது பிடிக்கவில்லை என்றாய். "டாடி, அந்த ரூம் எல்லாருக்கும் சொந்தம். கார்த்திக்கோட அப்பாவும் டாக்ஸ் கட்டுறார். அவர் பேர்ல நீங்க எப்படி ப்ரே பண்ணலாம்?" என்று கேட்டாய். அதற்கு அவர், "அவங்க பேர்ல பண்ணல ஐயா, அவங்களுக்காகப் பண்றேன்" என்றார். நீ உடனே, "அவங்க கேட்டாங்களா?" என்றாய்.

அதோடு அவர் தட்டை விட்டு எழுந்துவிட்டார். ஏன் என்று உனக்குத் தெரியாது. சபை வேலை ஞாயிற்றுக்கிழமைதான், வாரநாட்களில் அவர் என் ஆஸ்பத்திரியிலேயே நோயாளிகளைப் பார்க்கும் போதகராக இருந்தாரே, அங்கே அவருடைய தொழிலே அந்தக் கேள்விதான். ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டி உள்ளே வரலாமா என்று கேட்பார். வேண்டாம் என்றால் நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போவார். ஒரு நாள் என் வார்டில் காரிடார் முழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி அறையில் இருந்த கிழவர் மட்டும், ஜெபம் வேண்டாம், நேற்றைய பேஸ்பால் ஸ்கோர் தெரிந்தால் சொல் என்றார். உன் அப்பாவுக்குப் பேஸ்பாலும் தெரியாது, ஸ்கோரும் தெரியாது. நர்ஸஸ் ஸ்டேஷனுக்கு வந்து ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மனுஷனைப் பார்த்து நீ அவங்க கேட்டாங்களா என்று கேட்டாய். அவர் கையைக் கழுவிவிட்டுப் பேஸ்மென்டுக்குப் போய்விட்டார். அப்பா ஜெபிக்கிற அன்றைக்குச் சபையின் பார்வையாளர் கேலரிக்கு வர மாட்டேன், இது என் பிரின்சிபிள் என்று என்னிடம் சொல்லிவிட்டு நீயும் காரை எடுத்தாய். நான் செய்த பூசணிக்காய் "பை" பலகாரத்தை நான் ஒருத்தியாகத்தான் தின்றேன்.

என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை, அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன். ஊரில் திருச்சபைத் தேர்தல்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கியைப் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். பாஸ்டருக்கும் பதவிக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருப்பது இரண்டு பேருக்குமே நல்லது. ஆகவே உன் பக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சட்டம் போடுகிற இடத்திலும் மனுஷர்கள்தானே இருக்கிறார்கள், அவர்களுக்கும் வீட்டில் நோயும் சாவும் உண்டுதானே, ஒருவர் வந்து இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றும் தோன்றியது. இன்றைக்கும் இரண்டு விதமாகத்தான் தோன்றுகிறது.

ஜெபத்தை முன்கூட்டியே எழுதி அனுப்பவேண்டும், சுருக்கமாக இருக்கவேண்டும், அரசியல் கூடாது, எந்த நம்பிக்கைக்காரரையும் குத்தக்கூடாது என்று அங்கிருந்து சொல்லியிருந்தார்கள். ஆதியாகமத்தில் கிளம்பி வெளிப்படுத்தல் வரை ஒரு சுற்றுப் போய்வராமல் ஆமென் சொல்லத் தெரியாதவரிடம் போய்ச் சுருக்கு என்றால் எப்படி? பேஸ்மென்டில் வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு பழகுவார். நாடி பிடிக்கிற என் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு நான் நேரம் பார்ப்பேன். நேரம் முடிந்துவிட்டது என்றால், "இன்னும் நோவாவே கப்பல்ல ஏறலியே" என்பார். அடித்து அடித்துக் கடைசியில் அளவுக்குள் வந்துவிட்டது. முடிவு வரியில்தான் சிக்கல். அவர் வாழ்நாளில் இயேசுவின் நாமத்தைச் சொல்லாமல் ஒரு ஜெபத்தையும் முடித்ததில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் யோசித்துவிட்டு, அந்த வரியை அடித்து, "உமது பரிசுத்த நாமத்தில்" என்று மட்டும் எழுதினார். சபைக் கமிட்டிக்கு விஷயம் தெரிந்து வீட்டுக்கே வந்துவிட்டார்கள், ஆண்டவரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறீர்களா என்று கேட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவர்கள் போனதும், எதற்கு இந்தப் பாடு, பழையபடியே முடித்துவிடுங்கள் என்றேன். "ஜெபா சொன்னதுல பாதி நியாயம் இருக்கு. அந்தப் பாதிக்காவது நான் ஒதுங்கி நிக்கணும்லா" என்றார். அந்த வரி உன்னால் மாறியது, ஜெபா. இது உனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நாங்கள் வாஷிங்டன் போனது வசந்த காலத்தில். விடியும் முன்பே கிளம்பினோம். அவருக்கு அயர்ன் பண்ணிய அங்கி, எனக்குப் பட்டுச்சேலை, பின்சீட்டில் எலுமிச்சம்பழச் சோறு. அங்கே போதகரின் அலுவலகத்தில் ஒரு அம்மாள் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். ஜெபத்துக்கு உறுப்பினர்கள் அதிகம் வரமாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று பக்குவமாகச் சொன்னார். இங்கே போதகருக்கு மேடையில் இருக்கிற வேலை கொஞ்சம்தான், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதவர்களும் குடும்பம் உடைந்தவர்களும் யாருக்கும் தெரியாமல் இந்த அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள், அதற்குத்தான் முக்கியமாக அவர் இருக்கிறார் என்றார். உன் அப்பா முகம் மலர்ந்துபோனது. "அப்ப நம்ம ஆஸ்பத்திரி வேலதான்" என்று என்னிடம் தமிழில் சொன்னார்.

என்னை மேலே கேலரியில் உட்காரவைத்தார்கள். சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர், நான், அவ்வளவுதான். கீழே வரிசை வரிசையாகத் தோல் நாற்காலிகள், எல்லாம் காலி. நம் தொகுதிக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பெரிய இடத்தில் உன் அப்பா மேடையில் ஏறி நின்றபோது என்னமோ சின்னப் பிள்ளை போல இருந்தார். வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் நீதானோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் ஆரம்பித்தார், நல்ல குரல், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நாட்டை ஆளுகிறவர்களுக்காக வேண்டுகிற இடம் வந்தது. அங்கே தலையைத் தூக்கிக் கேலரியை ஒரு சுற்றுப் பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கண் தாளை விட்டுப் போனதும் நாக்கு தன் பழைய பாதையில் போய்விட்டது. ஜனாதிபதிக்காக வேண்டிக்கொண்ட கையோடு, "அண்ட் ஃபார் தி பிரைம் மினிஸ்டர்" என்று கணீரென்று சொன்னார். அமெரிக்காவுக்கு ஏது பிரதம மந்திரி! மேடைக்குக் கீழே இருந்த கிளார்க் ஒருவர் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். உமது பரிசுத்த நாமத்தில், ஆமென் என்று இவர் முடித்தார். நானும் ஆமென் என்றேன், பக்கத்தில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

போட்டோ எடுத்தார்கள், கை குலுக்கினார்கள், அருமையான ஜெபம் என்றார்கள். வெளியே வந்து உன் அலுவலகக் கட்டிடத்தைத் தாண்டித்தான் காருக்கு நடந்தோம். உள்ளே போய் ஒரு எட்டுப் பார்ப்போமா என்றேன். "வேல நேரத்துல போய் நிக்கப்பிடாது" என்றார். ஆனால் எதிர்ப்பக்கம் நின்று, மேலிருந்து கீழே ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். திரும்பும் வழியில் டர்ன்பைக் ரெஸ்ட் ஏரியாவில் காருக்குள்ளேயே எலுமிச்சம்பழச் சோற்றைச் சாப்பிட்டோம். ஜெபம் பண்ணாமல் சாப்பிட்டார், கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி நான் பார்த்ததில்லை. பாதியில் மூடி வைத்துவிட்டு, "அத்தனை நாற்காலியும் காலி. அவனும் வரல்லியே" என்றார்.

தொகுதிக்காரர் அந்த ஜெபம் அச்சான நாடாளுமன்றப் பதிவேட்டுப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு அனுப்பிவைத்தார். நம் ஹாலில் தொங்குகிறதே, அதுதான். எழுதிக் கொடுத்ததை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள், அதில் பிரதம மந்திரி இல்லை. அந்தத் தவறு எனக்கும் அவருக்கும் அந்தக் கிளார்க்குக்கும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு நீ வந்தாய். நூற்றாண்டு திரும்பும்போது கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த கிறிஸ்துமஸ் அது, பேஸ்மென்ட் முழுக்க நான் தண்ணீர் பாட்டில் வாங்கி அடுக்கியிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் இரண்டு நாளாக வானிலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தீர்கள். மேஜையில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, அவர் எல்லோருக்காகவும் வேண்டி முடித்து ஆமென் சொன்னார். நீ கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், "டாடி, பிரைம் மினிஸ்டரை விட்டுட்டீங்களே" என்றாய். அவர் கை அப்படியே நின்றது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை, தண்ணீர் வந்த பிறகும், சிரித்தார். அங்கே எல்லா அலுவலகத்திலும் சபை நடப்பது டிவியில் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் சத்தம் வைத்துக் கேட்பதில்லை என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். அப்பா ஜெபித்த அன்றைக்கு நீ சத்தத்தைக் கூட்டியிருக்கிறாய். அதைப் பற்றி நான் கேட்டபோது, "டிவி ஓடிட்டிருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பிரியாணி போட்டுக்கொண்டாய். அதோடு இரண்டு பேரும் பழையபடி வானிலைக்குப் போய்விட்டீர்கள். ஆண்பிள்ளைகள் அல்லவா!

நீ மீரா வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாய். இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. நான் பாத்திரம் கழுவ, அவர் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தார். பிரியாணிச் சட்டியைத் துடைத்தவர் அதைக் கீழே வைக்காமல் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு அந்த ரூம் காலியா இல்ல, கேட்டியா" என்றார். அப்புறம் சட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, "நான் தட்டவே இல்ல. அவனாத் தொறந்திருக்கான்" என்றார்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிப்ரவரியில் வாசல் டிரைவ்வேயில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். எத்தனையோ பேருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் திரும்ப வைத்த கை என் கை, அவருக்கு உதவவில்லை. காரில் நீ அழுதபோது, டேய், அவர் சந்தோஷமாகத்தான் போனார் என்று நான் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த இரண்டு வாக்கியமும் எனக்கு மட்டும் சொன்னது. இந்தப் பெரிய வீட்டில் அவருடையது என்று புத்தகமும் அங்கியும் நிறைய இருக்கின்றன. அந்த வாக்கியங்கள்தான் சமையலறையில் என் பக்கத்தில் நின்றன. உன்னிடம் கொடுத்துவிட்டால் எனக்கு எதுவும் மிஞ்சாது என்று பயமாக இருந்தது. இப்போது கொடுக்கிறேன், உன் கல்யாணத்துக்கு என்னிடம் வேறு நகை இல்லை.

ஆகவே பாஸ்டர் வேண்டாம். உனக்கே உள்ளூர வேண்டும் என்றிருந்தால் வை, நான் சந்தோஷமாகக் கேட்பேன். செத்துப்போனவரைச் சமாதானப்படுத்துவதற்கு என்றால் வேண்டாம், அவர் எப்போதோ சமாதானமாகிவிட்டார். எனக்காக என்றாலும் வேண்டாம். மீரா கேட்டாளா? அவள் அம்மா அப்பா கேட்டார்களா? அன்றைக்குக் கார்த்திக் கையை வைக்க இடம் தெரியாமல் நின்றானே, அவன் அந்தக் கல்யாணத்தில் முதல் வரிசையில் இருப்பான். உன் கேள்விக்கு மரியாதை கொடுத்து உன் அப்பா தன் ஜெபத்தின் கடைசி வரியை மாற்றினார். அந்தக் கேள்வியை நீயே இன்றைக்குப் பாதி விலைக்கு விட்டுவிட்டால் அவர் எதற்காக ஒரு வாரம் பட்டினி கிடந்தார்? புருஷன் பெண்சாதி ஆகப்போகிறவர்களுக்கு ஒரே ஒரு புத்தி சொல்கிறேன். கொள்கைக்காகச் சண்டை போடுங்கள், மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருங்கள், அது உங்கள் பாடு. ஆனால் பக்கத்து அறையிலிருந்து மற்றவர் குரல் வந்தால் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். கேட்டேன் என்று சீக்கிரமாகச் சொல்லியும் விடுங்கள், கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

நான் வந்துவிடுவேன், ரைடு வேண்டாம். அன்றைக்குக் கட்டிய பட்டுச்சேலையைத்தான் கட்டிக்கொண்டு வருவேன். ஜட்ஜ் பேசும்போது கண்ணை மூட மாட்டேன், உதடும் அசையாது, யாரும் எங்கேயும் கையை மாற்றி வைக்கவேண்டியிருக்காது. உள்ளே மட்டும் ஒன்று ஓடும். வாட்ச் வைத்துப் பழகியவள்தான், அந்தச் சபையில் உன் அப்பாவுக்குக் கொடுத்த நேரத்துக்குள் முடித்துவிடுவேன். உனக்காக, மீராவுக்காக, அவள் வீட்டாருக்காக, அந்த ஜட்ஜுக்காக, இந்த நாட்டின் ஜனாதிபதிக்காக. பிரதம மந்திரியையும் விட மாட்டேன்.

மீரா, அவ்வளவுதான் அம்மா. இப்போது அவன் முகத்தைப் பார்.

மம்மி